சித்ரா பௌர்ணமியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம்: கிளம்புவது முதல் இறங்குவது வரை

இடுக்கி மாவட்டமும் தேனி மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் மலைமுகட்டில், கடல்மட்டத்திலிருந்து 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோட்டம். ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் பக்தர்களை விடுவார்கள். அன்றும் காலை 6 மணிக்கு மேல்தான் மலைப்பாதை திறக்கும். பிற்பகல் 2.30 மணிக்குப் பிறகு யாரும் ஏற முடியாது. மாலை 5.30 மணிக்குள் மலை காலியாகிவிட வேண்டும். அண்மை ஆண்டுகளில் இதுதான் வழக்கம். அந்தந்த ஆண்டில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

இந்த மூன்று நேரத்தையும் முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் நேரக்கணக்கில்தான் தொடங்குகின்றன. “கோயில்தானே, சாவகாசமாகப் போகலாம்” என்று ஒன்பது மணிக்கு எல்லை ஊரான குமுளி வந்து சேர்கிறவர்களுக்குத் தரிசனத்தைவிட வரிசைதான் அதிகம் கிடைக்கும்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு

கோட்டம் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். 1950இல் வனவிலங்கு சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. யானை, காட்டுமாடு, மிளா எல்லாம் அன்றாடம் நடமாடும் புல்மேடுகள் வழியாகத்தான் பாதை போகிறது. அதோடு, கோயில் யாருடையது என்பதில் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் நெடுநாள் வழக்கு. எனவே விழாவுக்குச் சில வாரம் முன்பு இரு மாவட்ட ஆட்சியர்களும் வனத்துறை, காவல்துறை அதிகாரிகளும் கூடிப் பேசி அந்த ஆண்டின் ஏற்பாடுகளை முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின் நாளிதழ்களின் தேனிப் பதிப்பிலும் மலையாளப் பத்திரிகைகளின் இடுக்கிப் பதிப்பிலும் வரும் செய்தியைக் கட்டாயம் படியுங்கள். ஜீப் கட்டணம், வண்டி நிறுத்துமிடம், ஒருவழிப் போக்குவரத்து எல்லாம் அதில்தான் இருக்கும். போன வருடக் கட்டணத்தை நம்பிக் கையில் எண்ணிக் காசு கொண்டுவர வேண்டாம்.

மற்ற நாட்களில் “பழக்கப்பட்டவர் கூட்டிப்போகிறார்” என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது வனக் குற்றம். மாட்டினால் கூட்டிப்போனவர் நழுவிவிடுவார், வழக்கு உங்கள் பேரில்தான் வரும்.

நாள் குறிப்பதும் ஊர் வந்து சேர்வதும்

சித்ரா பௌர்ணமி 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. இப்படி நாள் மூன்று வாரம்கூட நகரும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு உடனே தங்குமிடம் பிடித்துவிட வேண்டும். கோடை விடுமுறையில் தேக்கடிக்கு வரும் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் குமுளி விடுதிகளில் வாடகை ஏறிவிடும், கடைசி நேரத்தில் அறையே கிடைக்காது. கம்பத்தில் தங்குவது புத்திசாலித்தனம். மலை ஏறத் தொடங்கும் குமுளிக்கும் பளியன்குடிக்கும் அங்கிருந்து அதிகாலையில் போய்விடலாம். கூடலூர் இன்னும் பக்கம், ஆனால் விடுதிகள் குறைவு.

மதுரை வழியாக வருகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அழகர் வைகை ஆற்றில் இறங்குவதும் அதே சித்ரா பௌர்ணமி நாளில்தான். முந்தைய இரவு மதுரைக்குள் பேருந்து நகராது. திருச்சி, சென்னைப் பக்கத்திலிருந்து வந்தால் திண்டுக்கல்லிலேயே பிரிந்து வத்தலகுண்டு, பெரியகுளம், தேனி என்று வந்துவிடுங்கள். மதுரையில்தான் மாற வேண்டும் என்றால் முந்தைய நாள் பகலிலேயே ஊரைத் தாண்டிவிடுங்கள். பக்கத்து ரயில் நிலையங்கள் தேனியும் போடியும்.

கேரளப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கோட்டயம், முண்டக்கயம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி என்று நேர்வழி. வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாக ஜீப் பேசி வருவது வழக்கம். ஆனால் அந்த ஜீப்பிலேயே மலைக்கும் ஏறிவிடலாம் என்று எண்ணாதீர்கள். பாஸ் இல்லாத வண்டி குமுளியோடு நின்றுவிடும்.

எந்த வழி யாருக்கு

வழி இரண்டு. குமுளியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் கரடுமுரடான ஜீப் பாதை கேரள வனத்துக்குள் போகிறது. தமிழகப் பக்கம், குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் அருகில் உள்ள பளியன்குடியிலிருந்து 6.6 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை நேரே மலை ஏறுகிறது.

தூரத்தை மட்டும் பார்த்து பளியன்குடியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பாதி மலையில் உட்கார்ந்துவிடுவதுண்டு. குமுளி ஏற்கெனவே கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து மீதி ஏற்றம் 400 மீட்டர் சொச்சம்தான், அதுவும் 14 கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. பளியன்குடியோ கம்பம் பள்ளத்தாக்கின் அடிவாரம். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்குப் பேருந்து ஏறும் உயரத்தையும் சேர்த்து, குமுளி வழியைப்போல இரு மடங்கு ஏற்றத்தை 6.6 கிலோமீட்டரில் ஏறி முடிக்க வேண்டும். மலை ஏறிப் பழகிய கால்களுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு நான்கு. ஐந்து ஆனால் ஆச்சரியமில்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள், நெஞ்சுவலி, ரத்தக் கொதிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் ஜீப்பில் போவதே நல்லது. கர்ப்பிணிகளுக்கு இரண்டு வழியுமே ஆகாது, ஜீப் குலுக்கல் சாதாரணக் குலுக்கல் இல்லை. நடந்து ஏறிவிட்டு ஜீப்பில் குமுளிக்கு இறங்குவது பலர் செய்யும் ஏற்பாடு. முழங்காலுக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் வண்டி பளியன்குடியில் நின்றால் குமுளியிலிருந்து மலைப்பாதை இறங்கி லோயர் கேம்ப் வந்து, அங்கிருந்து பளியன்குடிக்கு இன்னொரு முறை வண்டி பிடிக்க வேண்டும். அதனால் இந்த ஏற்பாட்டுக்குச் சொந்த வண்டியைக் கம்பத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போவதுதான் சரி.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் முதலில். நடந்து போகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும், ஜீப்பில் போகிறவர்களுக்கு ஒன்றரை போதும். குடிநீர் வைக்கும் இடங்கள் வழியில் உண்டு, ஆனால் உங்களுக்குத் தேவைப்படும் வளைவில் அது இருக்காது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேரள வனத்துறை 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலை விடுவதில்லை. எவர்சில்வர் பாட்டில்தான் தொல்லையில்லாதது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வெயிலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வியர்வையில் போகும் உப்பு திரும்ப வராததுதான் காரணம். அரை லிட்டருக்கு எலுமிச்சை அரை மூடி, உப்பு கால் டீஸ்பூன், சர்க்கரை மூன்று டீஸ்பூன் என்று கலந்து தனியாக ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி இன்னும் நல்லது, சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

சாப்பாடு: மேலே அன்னதானம் உண்டு. ஆனால் வரிசையில் நிற்க நேரம் இருக்குமா என்பது வேறு கேள்வி. புளிச்சோறு அல்லது எலுமிச்சைச் சோறு வாழை இலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றுங்கள். தயிர்ச்சோறு வேண்டாம், விடியற்காலையில் கட்டியது நண்பகலுக்குள் புளித்துவிடும். அசைவம், மது, புகையிலை மூன்றுக்கும் தடை. பை சோதனை பெயருக்கு நடப்பதில்லை.

பூஜைப் பொருள்: தேங்காய், பழம், பூ, மஞ்சள், குங்குமம் எதையும் கவரில் போட்டுக் கொண்டுவராதீர்கள். மல்லிகையை ஈரமான வாழை மட்டையில் வைத்துத் துணிப்பையில் போட்டால் பத்து மணி வரை வாடாது. அபிஷேகத்துக்குப் பால் கொண்டுபோகிறவர்கள் காய்ச்சாத பாலாக, மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோய், எட்டு எட்டரைக்குள் மேலே சேர்க்கப் பார்க்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு திரிந்துபோகும். கற்பூரமும் தீப்பெட்டியும் கோயில் வளாகத்தைத் தவிர வேறெங்கும் வெளியே எடுக்காதீர்கள். சித்திரையில் அந்தப் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

காலுக்கு: அடியில் பற்று உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. புதிதாக வாங்கிய ஷூவுடன் மலை ஏறினால் முதல் மணி நேரத்திலேயே குதிகாலில் கொப்புளம் வரும். ரப்பர் செருப்பு ஏறும்போது தாங்கும், இறங்கும்போது வழுக்கிவிடும். நேர்த்திக்கடனாக வெறுங்காலில் ஏறுகிறவர்களும் இறக்கத்துக்கு ஒரு ஜோடி பையில் வைத்திருக்கட்டும். தொப்பி அல்லது தலையில் கட்ட ஒரு துண்டு, மடக்கு ரெயின்கோட், ஒரு டார்ச், அன்றாட மாத்திரை, அடையாள அட்டை. இவ்வளவு போதும். டிரோனுக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதியில்லை.

குமுளி வழி

தமிழகப் பேருந்து எல்லைக்கு இப்பக்கமே நின்றுவிடும். இறங்கி, சோதனைச் சாவடியை நடந்தே தாண்டினால் கேரளக் குமுளி. ஜீப் வரிசை அந்தப் பக்கம். விடியலுக்கு முன்பே, நான்கு நான்கரைக்கெல்லாம் ஆள் சேர ஆரம்பிக்கும். ஐந்து மணிக்கு வரிசையில் இருந்தால் முதல் சுற்று ஜீப்புகளில் இடம் கிடைக்கும். முதல் சுற்றில் போவதில் இன்னொரு லாபம், புழுதி கம்மி. வரிசையாக நூறு ஜீப் ஓடிய பிறகு அந்தப் பாதையில் மூக்கில் துணி கட்டாமல் போக முடியாது.

ஏறும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். முன் கண்ணாடியில் அந்த நாளுக்கான பாஸ் ஒட்டியிருக்க வேண்டும். போக்குவரத்துத் துறை வண்டியின் தகுதியைச் சோதித்த பிறகே அதைத் தருகிறது. அடுத்து, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூடுதல் ஆளோடு போன வண்டியை வழியில் நிறுத்தினால் கீழே இறங்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம். கட்டணத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்துக் கொடுங்கள். அது ஒருவழிக்கா, இருவழிக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனத்துக்கு அனுமதியில்லை. சொந்தக் காரும் அந்தப் பாதைக்கு ஆகாது.

கொக்கரக்கண்டம் தாண்டியதும் காடு தொடங்கும். ஜீப்பில் பின்பக்கம் உட்காருகிறவர்கள் காலை ஊன்றி, மேல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, முன்பக்கம் இடம் கேளுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேலே போய்விடலாம். இந்தப் பாதையிலேயே நடந்து போகிறவர்களும் உண்டு. அவர்கள் ஆறு மணிக்கே தொடங்கினால்தான் சரிப்படும், ஏற நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்.

பளியன்குடி வழி

பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பான இந்த ஊரில்தான் விழாவுக்கு முன்னோட்டமாகக் கொடியேற்றம் நடக்கும். அன்று கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் சிறப்புப் பேருந்து விடுவார்கள். பெயர், ஊர் பதிவும் பை சோதனையும் முடிந்துதான் பாதைக்குள் விடுவார்கள். 6 மணிக்கு முதல் ஆட்களோடு உள்ளே போய்விடுங்கள். கிழக்கைப் பார்த்த சரிவு என்பதால் எட்டு மணிக்கெல்லாம் முகத்திலும் முதுகிலும் வெயில் அறைந்துவிடும். முதல் பாதியில் மரநிழல் உண்டு. அதற்கு மேல் புல்வெளிதான், ஒதுங்க இடமில்லை. அதனால் நிழல் உள்ள பாதியை வெயிலுக்கு முன்பே முடித்துவிட்டால் மேல்பாதியில் கொஞ்சம் நின்று நின்று ஏற நேரம் கிடைக்கும்.

ஏறும் முறை முக்கியம். இளவட்டங்கள் முதல் அரை மணி நேரம் ஓட்டமாக ஏறி, பிறகு மூச்சு வாங்கி ஒரேயடியாக உட்காருவார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள், பேச்சு தடைபட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றபடியே மூன்று நான்கு மடக்கு தண்ணீர். நிற்பது ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, தசை இறுகிவிடும். குறுக்குப் பாதையில் ஏறுவதைத் தவிருங்கள். மேலிருந்து ஒருவர் உருட்டிவிடும் கல் கீழே வருகிறவர் மண்டையில்தான் விழும்.

தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல், குமட்டல் இதில் எது வந்தாலும் ஏற்றத்தை நிறுத்திவிடுங்கள். நிழலில் உட்காரவைத்து, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, உப்பு கலந்த நீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, வழியில் இருக்கும் மருத்துவக் குழுவுக்கோ வனத்துறைக்காரருக்கோ தகவல் சொல்லுங்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று தூக்கிவிடுகிற உறவுக்காரர்தான் அன்றைய பெரிய ஆபத்து.

பதினோரு மணிக்குப் பாதி வழியைத் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுவதே நல்லது. ஒரு மணிக்கு மேல் உச்சி சேர்ந்து, வரிசையில் நின்று, 5.30க்குள் இறங்குவது எல்லோராலும் ஆகாது.

மேலே

சுண்ணாம்பு இல்லாமல் கருங்கல்லைக் கல்லோடு பொருத்திக் கட்டிய சுவர்கள், பாதி சரிந்த நிலையில். கண்ணகி சன்னதியோடு சிவன், கணபதி சன்னதிகளும் இருக்கின்றன. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் சொல்லும் கோட்டம் இதுதான் என்று 1963இல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசன். மதுரையை எரித்த பின் கண்ணகி பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் கோவலனோடு விண்ணேறிய மலை இது, சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொண்டுவந்து அவளுக்குக் கோட்டம் எடுத்தான் என்பது ஊர் நம்பிக்கை. இங்கிருந்து மதுரைக்குச் சுரங்கம் போகிறது என்றும் சொல்வார்கள். அதை நம்பிப் பள்ளத்தில் இறங்கிப் பார்க்கிற வேலை வேண்டாம், சரிந்த கற்கள் எதுவும் உறுதியாக இல்லை. சுவரின் மேல் ஏறிப் படம் எடுப்பதும் அப்படித்தான்.

ஒரு சன்னதியில் தமிழக முறைப்படியும் இன்னொன்றில் கேரளத் தாந்திரிக முறைப்படியும் பூஜை நடக்கும். இரண்டுக்கும் தனித்தனி வரிசை. எதில் நிற்கிறோம் என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். கண்ணகிக்கென்று வந்துவிட்டு ஒன்றரை மணி நேரம் அடுத்த வரிசையில் நின்றவர்கள் உண்டு. காலை ஒன்பதுக்குள் வந்தால் அரை மணி நேரத்தில் தரிசனம் முடியும், பதினொன்றிலிருந்து ஒன்று வரை நெரிசல் உச்சம். பெண்கள் மஞ்சள் கயிறும் வளையலும் குங்குமமும் வாங்கிக்கொள்வது இங்கே முக்கியமான வழக்கம். அதற்காகக் கண்ணகி சன்னதிப் பக்கம் கூட்டம் நெருக்கும், கைக்குழந்தையோடு அங்கே போகாதீர்கள்.

செருப்பைக் குவியலில் விடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நண்பகலில் பாறை சுடும், பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு நின்றால் தாங்கும். அலைபேசி சிக்னலை நம்ப முடியாது. ஏறும்போதே “பிரிந்துவிட்டால் மருத்துவ முகாம் முன்னால், பன்னிரண்டு மணிக்கு” என்று ஓர் இடமும் நேரமும் பேசிவையுங்கள். பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோர் பெயரும் எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும்.

தரிசனம் முடிந்ததும் கிழக்கு விளிம்புக்கு வந்து பாருங்கள். காற்றடித்தால் நிற்க முடியாது, ஆனால் கூடலூரும் கம்பமும் வயலும் தோப்புமாகக் காலடியில் கிடக்கும். விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றாலே எல்லாம் தெரியும்.

இறங்குவது

ஜீப்பில் இறங்குகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குள் வரிசைக்கு வந்துவிட வேண்டும். இரண்டு மணிக்குப் பிறகு மேலே இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஜீப் நினைவு வரும். நடந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும், ஒரு மணிக்குத் தொடங்கிவிடுங்கள். சித்திரையில் பிற்பகல் மேகம் சட்டென்று கூடும். இடி கேட்டால் புல்முகட்டில் நிற்காமலும் தனி மரத்தடியில் ஒதுங்காமலும் கீழே இறங்கிக்கொண்டே இருங்கள். குடையை விரிக்காதீர்கள்.

காய்ந்த புல்லும் உருண்டைச் சரளையும்தான் வழுக்கும். முழங்காலை லேசாக மடக்கி, குறுகலான அடியாக, பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் முழங்காலுக்குச் சுமை குறையும், ஆனால் அதற்காகக் காட்டில் கிளை ஒடிக்காதீர்கள், வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். குப்பை முழுவதும் உங்கள் பையிலேயே கீழே வர வேண்டும், சோறு கட்டிய இலை உட்பட. சோற்று வாசனைக்குக் காட்டுப்பன்றி பாதைக்கு வரும்.

குமுளியில் இறங்கியதும் தேனிப் பேருந்துக்கு அடிதடி இருக்கும். லோயர் கேம்ப் மலைப்பாதையில் வண்டிகள் தேங்கி, கம்பம் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அன்றிரவு ரயிலில் முன்பதிவு செய்திருந்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு வந்ததும் உடுத்திய துணியை உதறி, வெந்நீரில் ஊறவையுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம், முழங்காலுக்குப் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல், சூடு வைக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்து எடுத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுவது அதைக் கேட்காததாலும் சொல்லாததாலும்தான்.